நூற்றியெட்டுச் சிட்டிகை

சக்கரவர்த்திக்கு இலவசம் என்றாலே உடம்பு அரிக்கும். சும்மா கொடுப்பவன் பின்னால் எதையோ சுருட்டப் போகிறான் என்பது அறுபத்தெட்டு வருஷத்தில் அவர் படித்த படிப்பு. பள்ளிக்கூடத்துப் படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. அதனால் தேரடித் தெருச் சந்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் நசீமா, "விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போடலாம். அதுக்குக் காசே கிடையாது பெரியவரே, யாரு வேணா போட்டுக்கலாம்" என்றதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"காசு இல்லன்னா அத்த எவன் செஞ்சான்?"

"உலகம் பூரா ஆளுங்க சேந்து செய்றாங்க."

"எதுக்கு?"

"செய்யணும்னு தோணுது, செய்றாங்க."

"வேல வெட்டி இல்லாதவனுங்க செஞ்சத என் பொட்டில போடுவியா நீ?"

"அப்ப பொட்டியத் தூக்கிகினு போங்க. இந்தப் பழைய கட்டையில விண்டோஸ் இனிமே ஏறாது."

வேறு வழி இருந்தால் தூக்கிக்கொண்டு போயிருப்பார். வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்கு வெளியே, வேலூர் ரோட்டு ஓரத்தில் மேசை போட்டு மனு டைப் அடித்துக் கொடுப்பது அவர் தொழில். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கை ஓயாது. இருபத்திரண்டு வருஷமாக அதே ரோடு, அதே புழுதி. போன சித்திரையில் வெயில் தாங்காமல் கீபோர்டு மேலேயே மயங்கி விழுந்தார். பக்கத்து மேசை மணிவேல், "பெருசு மூஞ்சாலயே மனு அடிக்குது பாரு" என்று சிரித்தானே தவிர, தண்ணீர் தெளித்தது வேறு யாரோ. இன்னொரு சித்திரையை ரோட்டில் தாங்க முடியாது என்று டாக்டரும் சொல்லிவிட்டார், அவர் உடம்பும் சொல்லிவிட்டது.

இப்போது கலெக்டர் ஆபீஸ் கேட்டுக்கு உள்ளே தகரக் கொட்டகையில் ஒரே ஒரு மேசைக்கு இடம். நிழல், ஃபேன், பக்கத்துக் கடையில் இரவல் வாங்காத கரண்ட்டு எல்லாம் உண்டு. ஆபீஸ் உதவியாளர் காசி இரண்டு பேரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, கண்ணெதிரே ஒரு மனு அடித்துப் பிரிண்ட் எடுக்க வேண்டும். எவன் மனு படிக்கிற மாதிரி இருக்கிறதோ அவனுக்கு இடம். மணிவேலிடம் புது லேப்டாப். சக்கரவர்த்தியின் பெட்டியோ, மூடிப்போன பிரவுசிங் சென்டரிலிருந்து ஒன்பது வருஷத்துக்கு முன் வாங்கியது. வெள்ளிக்கிழமை அது ஒரேயடியாகப் படுத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். முந்தின ராத்திரி பௌர்ணமி. கிரிவலம் வந்த கூட்டம் இன்னும் ஊரை விட்டுப் போகவில்லை. நசீமா பென்டிரைவைச் செருகி லினக்ஸை ஏற்ற ஆரம்பித்தாள். நாற்பத்திரண்டு சதவீதத்தில் நின்றது. மறுபடி ஏற்றினாள். பதினேழில் நின்றது. பென்டிரைவை மாற்றினாள். எண்பத்தெட்டு வரை போய், நப்பாசை காட்டி, நின்றது.

"ஓசிச் சாமான்" என்றார் சக்கரவர்த்தி.

"சும்மா இருங்க. ஒரே எடத்துல நின்னா ஏத்துற சரக்கு சரியில்லன்னு அர்த்தம். ஒவ்வொரு வாட்டி ஒவ்வொரு எடத்துல நின்னா பொட்டிக்குள்ள கோளாறு. மெமரியப் பாக்குறேன்."

பார்த்தாள். திரை முழுக்க சிவப்புச் சிவப்பாக வரிகள் ஓடின. நசீமா ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். சக்கரவர்த்தி பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"தொறக்காத."

"தொறக்காம இன்னா, மந்திரிச்சா விட முடியும்?"

ரிப்பேர்காரர்கள் நல்ல பார்ட்டைக் கழற்றிக்கொண்டு சொத்தையை வைத்துவிடுவார்கள் என்பது அவர் முடிவு. அதற்காக வாங்கின அன்றே பேத்தியின் நெயில் பாலிஷை எடுத்து ஸ்க்ரூ ஒவ்வொன்றின் தலையிலும் சீல் வைத்திருந்தார். உள்ளே என்னென்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. இருந்தாலும் அதில் ஒன்றுகூடக் குறையக்கூடாது.

"அப்ப நாளைக்கு மணிவேலு ஃபேனுக்கு அடியில உக்காருவான். நீங்க ரோட்டுல உக்காந்து விசிறிக்குங்க" என்றாள் நசீமா.

கையை எடுத்தார். "ஸ்க்ரூவ என் கையில குடு. எண்ணிகினே வரேன்."

ஆறு ஸ்க்ரூ. ஆறும் வேட்டி மடிப்புக்குள் போயின. நசீமா பக்கவாட்டு மூடியை இழுத்தாள். மாவு மூட்டை பிரிந்த மாதிரி சாம்பல் கலர்த் தூள் மேசையில் சரிந்து, அவள் மடியில் விழுந்து, தரையிலும் கொட்டியது. கடை முழுக்கக் கோயில் வாசனை.

"அல்லாவே! இது இன்னாது, விபூதியா?"

சக்கரவர்த்தி வெளியே போகிற ஒரு ஆட்டோவை ரொம்பக் கவனமாகப் பார்த்தார்.

"பெரியவரே, உங்களத்தான்."

"மணிவேலு வேலையா இருக்கும். சூனியம் வச்சிருப்பான்."

"நான் தொறக்குற வரைக்கும் சீல் ஒண்ணுகூட உடையல. நீங்க வச்ச சீலு. மேல காத்து போற ஓட்டை வழியாத்தான் போட்டுருக்காங்க. அந்த ஆளு மணிவேலுன்னா எனக்கு இன்னா. ஆனா எங்கெங்க போட்டான், கூட வேற இன்னா ஊத்தினான்னு தெரிஞ்சாத்தான் தொடைக்க முடியும். தெரியலன்னா போர்டே பூட்ச்சுன்னு மூடிக் குடுத்துடுவேன்."

ஆட்டோ போய்விட்டது. பார்க்க வேறு ஒன்றும் இல்லை.

"ஒரு சிட்டிகைதான்" என்றார். "பௌர்ணமிக்குப் பௌர்ணமி. கண்ணு படக்கூடாதுன்னு. வேற எதுவும் ஊத்தல."

"எத்தன வருஷமா?"

"ஒம்பது."

நசீமா விரல் விட்டு எண்ணினாள். "வருஷத்துக்குப் பன்னெண்டு. ஒம்பது வருஷத்துக்கு நூத்தியெட்டு. பேஷ்! கம்ப்யூட்டருக்கு அர்ச்சனையே முடிச்சிட்டீங்க."

"நடுவுல அடிக்கடி நின்னு போச்சு. அப்பல்லாம் கொஞ்சம் ஜாஸ்தி போட்டேன்."

"போட்டதாலதான் நின்னுச்சு!"

சக்கரவர்த்தி யோசித்துப் பார்த்தார். நிற்கும்போதெல்லாம் போட்டிருக்கிறார், போட்டதும் தட்டுத் தடுமாறி ஓடியிருக்கிறது, அண்ணாமலையார் கைவிடவில்லை என்று கன்னத்தில் போட்டுக்கொண்டிருக்கிறார். ஒன்பது வருஷமாக மருந்து என்று நினைத்து நோயை ஊட்டியிருக்கிறார். இதை மணிவேல் கேள்விப்பட்டால் மனு எழுதாமலே ஊருக்குத் தெரிவித்துவிடுவான்.

நசீமா மேசையில் செய்தித்தாளை விரித்தாள். "வாங்க, நீங்களே வாரி எடுங்க. விபூதிய நான் பெருக்கித் தள்ளுறத எவனாவது பாத்தான்னா, நாளைக்கு என் கடை முன்னாடி கூட்டம் நிக்கும். எனக்கு இருக்குற பேஜார் போதும்."

அவர் குனிந்து, கையால் வாரி, பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி, காகிதத்தில் சேர்த்தார். மூக்கு, புருவம், மீசை எல்லாம் வெளுத்துவிட்டன. செல்போனுக்குச் சார்ஜர் கேட்டு ஒரு வெளியூர் அம்மாள் கடைக்குள் வந்தாள். உடம்பெல்லாம் விபூதியோடு குனிந்து நிற்கிற கிழவரைப் பார்த்தாள். சார்ஜர் மறந்து போயிற்று. செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு கையையும் நீட்டினாள்.

சக்கரவர்த்தி நசீமாவைப் பார்த்தார். நசீமா கூரையைப் பார்த்தாள். கொடுக்காமல் எப்படி அனுப்புவது? ஒரு சிட்டிகை எடுத்து வைத்தார். அம்மாள் நெற்றியில் இட்டுக்கொண்டு, "சாமி எந்த ஆசிரமம்?" என்றாள்.

"வேங்கிக்காலு" என்றார் அவர்.

அந்த அம்மாள் போன பிறகு நசீமா சிரித்த சிரிப்பில் ஸ்க்ரூ டிரைவர் கீழே விழுந்தது. சிரித்து முடித்துவிட்டு வேலையைப் பார்த்தாள். இரண்டு மெமரிப் பட்டையையும் கழற்றினாள். ஒன்றின் பல் கறுத்து அரித்துப் போயிருந்தது. அது முடிந்த கதை. இன்னொன்றைப் பென்சில் அழிக்கிற ரப்பரால் தேய்த்தாள், தங்க நிறம் பளிச்சென்று வருகிற வரைக்கும். காற்றடித்து மெமரிக் குழியைச் சுத்தம் செய்து அந்த ஒன்றை மட்டும் மாட்டினாள்.

"இன்னொண்ணு புதுசு போடணும்னா வேலூர்லேருந்து வரணும். இந்தக் கூட்டத்துல பஸ்ஸே ஊருக்குள்ள வரல. பாதி மெமரிதான். லினக்ஸ் தாங்கும், விண்டோஸ் தாங்காது."

மறுபடி ஏற்றினாள். பதினேழு போனது. நாற்பத்திரண்டு போனது. எண்பத்தெட்டில் சக்கரவர்த்தி மூச்சு விடவில்லை. நூறு வந்தது.

பழைய டைப்ரைட்டர் எழுத்து வரிசையில் தமிழ் அடித்தால்தான் அவர் விரல் ஓடும். அதுவும் லினக்ஸுக்குள் இருந்தது. பிரிண்டர் வயரைச் செருகியதும் காகிதம் வந்தது.

"பிரிண்டர் சிடி போடச் சொல்லிக் கேக்கலியே?"

"கேக்காது."

"ஏன் கேக்கல?"

"கேக்கலன்னு ஒரு மனு அடிங்க. போங்க பெரியவரே, ஊட்டுக்குப் போங்க. ஸ்க்ரூவ மட்டும் குடுத்துட்டுப் போங்க."

திங்கட்கிழமை பத்து மணிக்குக் காசி கொட்டகை வாசலில் நின்றார். வரிசையில் முதல் ஆளாக இருந்த அடி அண்ணாமலை கிராமத்து ஜோதியம்மாளைக் கூப்பிட்டார். "இந்தம்மா ஒரு வாட்டிதான் சொல்லும். ரெண்டு பேரும் அடிங்க."

ஜோதியம்மாள், தன் நிலத்துக்குப் போகிற வழியைப் பக்கத்து நிலத்துக்காரர் முள்வேலி போட்டு அடைத்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். சக்கரவர்த்தி கண்ணை மூடிக்கொண்டு பத்து விரலாலும் அடித்தார். திரையில் எழுத்து ஒரு விநாடி பின்தங்கி வந்தது, ஆனால் வந்தது. மணிவேல் கீபோர்டைத் தொடவே இல்லை. செல்போனை அம்மாளின் வாய்க்கு நேரே நீட்டினான். பேசுவது தானாக எழுத்தாகி லேப்டாப்பில் ஏறும். "இதான் டெக்னாலஜி. சும்மா பாருங்க சார்" என்றான் காசியிடம். அதே நேரம் வெளியே ஒரு பஸ் வந்து நின்றது.

இரண்டு காகிதமும் வந்தன. காசி சக்கரவர்த்தியின் காகிதத்தைப் படித்துத் தலையாட்டினார். அடுத்து மணிவேல் காகிதத்தைச் சத்தமாகப் படித்தார்:

"'என் நெலத்துக்குப் போற வழிய போளூர் போளூர் வேலூர் ஏறு ஏறு சீக்கிரம் முள்வேலி போட்டு இதான் டெக்னாலஜி சும்மா பாருங்க சார்.' யாருய்யா இது, கலெக்டரை பஸ்ல ஏறச் சொல்றது?"

வரிசையே சிரித்தது. ஜோதியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை; சக்கரவர்த்தியின் காகிதத்தை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனாள். காசி கொட்டகை ஃபேனைப் போட்டுவிட்டு, மேசையைக் காட்டினார்.

பதினோரு மணி சுமாருக்கு மணிவேல் வந்து எதிரே நின்றான். வெயிலில் முகம் சிவந்திருந்தது.

"இன்னாடா?"

"மனு குடுக்கணும். எடம் ஒதுக்கினதுல நியாயம் இல்லன்னு. எனக்குத் தமிழ் டைப்பு வராது, போனும் இந்த பஸ் சத்தத்துல ஒழுங்கா எழுத மாட்டேங்குது."

"யாரு மேல புகாரு?"

"உம்மேலதான் பெருசு."

"உக்காரு. வரிசையாச் சொல்லு. தேதி சரியா சொல்லணும், இல்லன்னா தூக்கிப் போட்டுடுவாங்க."

மணிவேல் சொல்லச் சொல்ல சக்கரவர்த்தி அடித்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"'ஒண்ணும் தெரியாத கெழவன்'னு போட்டா எடுபடாதுடா. 'முதுமை காரணமாகப் பணி செய்ய இயலாதவர்'னு போடுறேன். அதுதான் உறைக்கும்."

"சரி, போடு."

போட்டார். ஒரு எழுத்துப் பிழை இல்லாமல்.