அட்டையில் மூன்று மணி நேரம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை நான் யோசித்துப் பிடித்ததில்லை. மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது பொறுக்கியது. எங்கள் குடியிருப்பின் நான்காம் மாடியில் இருக்கும் எலியக்கா, “யார்கிட்டயும் சொல்லிடாதே” என்ற முன்னுரையோடு சொன்னாள். என்னிடம் அப்படிச் சொல்வது மைக்கை அணைக்காமல் ரகசியம் பேசுவது மாதிரி என்று இங்கே இருக்கிற இருபது குடும்பத்துக்கும் தெரியும்.

ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் எலிகளைப் பராமரிக்கிறாள், இருபத்திரண்டு வருடமாக. நேரில் எல்லோருக்கும் ‘அக்கா’. முதுகுக்குப் பின்னால் ‘எலியக்கா’. லிஃப்டில் அவள் ஏறினால் இரண்டாம் மாடிக்காரி மூக்கைப் பொத்திக்கொள்வாள். எலியக்கா தினமும் அங்கேயே குளித்துவிட்டுத்தான் கிளம்புகிறாள். அந்த லிஃப்டில் சோப்பு வாசனை அடிக்கிற ஒரே ஆள் அவள்தான்.

தொடக்கத்துக்கு மூன்று வாக்கியம் எழுதிப் பார்த்தேன்.

‘அந்த அறையில் ஒரு சத்தமும் இல்லை.’ நன்றாகத்தான் இருக்கிறது. அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது.

‘அவள் மகள் எப்போதும் சுவரோரம்தான் உட்காருவாள்.’ இப்போதே சொன்னால் பிறகு சொல்ல ஒன்றும் இருக்காது.

‘ஒரு தாய்—’ வேண்டாம். இப்படித் தொடங்கும் கதையை நானே படிக்க மாட்டேன்.

2

வேலையைச் சொல்லிவிடுகிறேன், புரியாமல் போனால் பழி என் தலையில்தான் விழும்.

எலிக்குட்டி பிறந்த மறுநாளிலிருந்து இரண்டு வாரம், தினமும் காலையில் அதைத் தாயிடமிருந்து எடுத்துவிட வேண்டும். வேறொரு அறையில், சூடான விரிப்பின் மேல், மூன்று மணி நேரம். அப்புறம் தாயிடம் திருப்பி வைக்க வேண்டும். இப்படிப் பத்துப் பெட்டி. இன்னொரு பத்துப் பெட்டிக் குட்டிகளைத் தொடவே கூடாது. எல்லாம் வளர்ந்த பிறகு ஒவ்வொன்றாக, உயரத்தில் நிற்கும் கூட்டல்குறி வடிவப் பலகை ஒன்றின் நடுவில் விடுவார்கள். அதன் இரண்டு கைகளுக்குச் சுவர் உண்டு. மற்ற இரண்டும் திறந்தவெளி. பயந்த எலி சுவருக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு கிடக்கும். பயமில்லாதது திறந்த பக்கம் போய் விளிம்பிலிருந்து எட்டிப் பார்க்கும். குட்டியில் பட்டது வளர்ந்த பிறகு எப்படி வெளியே வருகிறது என்பதுதான் ஆராய்ச்சி.*

* முடிந்ததும் எலிகளைக் கொன்று மூளையைப் பார்ப்பார்கள். இதை அடிக்குறிப்பில் தள்ளியது கோழைத்தனம்தான். எலியக்காவும் இதை, போர்வையை உதறுகிற சாக்கில் முகத்தை மறைத்துக்கொண்டுதான் சொன்னாள்.

ஆராய்ச்சி செய்பவள் ஒரு முனைவர் பட்ட மாணவி. எலிக்குட்டியைக் கையில் எடுக்கவே அவளுக்குப் பயம். ஆகவே பிரிக்கிற வேலை முழுக்க எலியக்காவுக்கு. சுவரில் ஒரு அட்டை தொங்கும்: எடுத்த நேரம், வைத்த நேரம், கையெழுத்து.

3

“அதுங்க அழறதுகூட இல்ல” என்பது எலியக்கா இருபத்திரண்டு வருடமாகச் சொல்லிவந்த சமாதானம். யாராவது “பாவமா இல்லையா?” என்று கேட்டால் (நான்தான் கேட்பேன்) இதைச் சொல்லி வாயை அடைத்துவிடுவாள்.

குட்டிகளைப் பிரிக்கத் தொடங்கிய மூன்றாம் நாள், மாணவி ஒரு சின்னக் கருவியைக் கொண்டுவந்து விரிப்பின் பக்கத்தில் வைத்துத் திருகினாள். அறை முழுக்கச் சடசடவென்று ஒரு சத்தம்.

“என்னடி இது, தகரத்துல மழை பெய்யற மாதிரி?”

“குட்டிங்கதான் அக்கா. அம்மாவக் கூப்பிடுதுங்க. ரொம்ப மேல் சுருதி, நம்ம காதுக்கு எட்டாது, அதான் மெஷின் இறக்கிக் கொடுக்குது.”

“எப்பவுமேவா?”

“எப்பவுமேதான்.”

“நான் வேலைக்குச் சேர்ந்ததுலேருந்தா?”

மாணவி சிரித்துவிட்டாளாம். “நீங்க பொறக்கறதுக்கு முன்னாடிலேருந்தே அக்கா.”

மறுநாளிலிருந்து எலியக்கா குட்டிகளை எடுத்தாள், கால் மணி நேரம் பொறுத்தாள், தாயிடம் திருப்பி வைத்துவிட்டாள். அட்டையில் ‘பத்து மணி, ஒரு மணி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மிச்ச நேரம் முழுக்கக் காலி விரிப்புக்குக் காவல் உட்கார்ந்திருந்தாள். இரண்டு வாரம் முடியும்வரை இப்படித்தான்.

[இந்த இடத்தில் ஒரு பத்தி இருந்தது. எலியக்காவின் மகள் கைக்குழந்தையாக நாத்தனார் வீட்டில் வளர்ந்தபோது, நாத்தனார் போனில் “அவ அழறதே இல்ல அண்ணி” என்பாள் என்று எழுதியிருந்தேன். எலியக்கா அப்படி எதுவும் சொல்லவில்லை. எலிக்கும் பிள்ளைக்கும் முடிச்சுப்போட நானாகச் செருகியது. அடித்துவிட்டேன். அடித்ததை நீங்கள் படித்துவிட்டீர்கள். அதற்கு நான் என்ன செய்ய?]

4

நிஜமாக நடந்தது இது. குழந்தைக்கு எட்டு மாதம் ஆகும்போது கணவர் போய்விட்டார். (எங்கே என்று கேட்காதீர்கள். நான் கேட்டுப் பார்த்தாயிற்று.) எலிக்கூடத்தில் வேலை கிடைத்தது. விடுதியில் தங்க வேண்டும், குழந்தைக்கு அங்கே அனுமதி இல்லை. இரண்டரை வருடம் நாத்தனார்தான் வளர்த்தாள். திரும்பி வந்த குழந்தை பெற்ற தாயை ‘அண்ணி’ என்று கூப்பிட்டது. அந்த வீட்டில் எல்லோரும் அவளை அப்படித்தானே சொல்லிக்கொண்டிருந்தார்கள்!

மகளுக்கு இப்போது இருபத்து மூன்று. வேறு ஊரில் கண்ணாடிக் கடை ஒன்றில் பவர் பார்க்கிற வேலை. மாதத்துக்கு ஒரு போன், அதுவும் இரண்டு நிமிடம். இங்கே வந்தால் கதவைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பாள். தலையில் கை வைத்தால் விலகிக்கொள்வாள். ஓட்டலில் சுவரோர நாற்காலி கிடைக்காவிட்டால் சாப்பிடாமலே திரும்பிவிடுவாள். (இது நான் செருகியதில்லை. கூடப் போய்ப் பசியோடு திரும்பியிருக்கிறேன்.)

போன வருடம் ஒரு சண்டையில் சொல்லியிருக்கிறாள்: “நான் இப்படி இருக்கறதுக்கு நீதான் காரணம். நம்பலன்னா உன் எலிங்களையே கேளு.”

5

எலிகள் வளர்ந்தன. பலகையில் விட்டார்கள். மாணவி எலிக்கூடத்துக்கே ஓடிவந்தாள்.

“அக்கா, தலைகீழா வந்திருக்கு! பிரிச்சு வச்சதுங்கதான் திறந்த பக்கம் ஜாலியா உலாத்துதுங்க. தொடாத எலிங்களவிட தைரியம்!”

வராமல் என்ன செய்யும்? கொஞ்ச நேரம் எடுத்து வைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்த குட்டியைத் தாய் எலி விடாமல் நக்கிக்கொடுக்கும். அப்படி வளர்கிற எலிக்குப் பயம் குறைவு. எலி வளர்க்கிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. எலியக்காவுக்கும் தெரியும். நடந்தது கால் மணி நேரம் என்பது மட்டும் மாணவிக்குத் தெரியாது.

அதோடு விட்டிருந்தால் இது ஒரு மோசடிக் கதையாக முடிந்திருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை மகளின் போன் வந்தது. எலியக்காவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“எலியக் கேளுன்னியே, கேட்டாச்சு.”

“என்ன சொல்லுச்சாம்?”

“பிரிச்சு வச்ச குட்டிங்கதான் தைரியமா இருக்காம்.”



“நிஜமாவா?”

“பெரிய ஆராய்ச்சிடி. கணக்கெல்லாம் போட்டுப் பாத்துட்டாங்க.”

“அப்ப, நான் இப்படி இருக்கறதுக்கு நீ காரணம் இல்லையாம்மா?”

அந்தக் கேள்வியின் கடைசியில் ‘அம்மா’ இருந்தது என்பதை எலியக்கா என்னிடம் இரண்டு தடவை சொன்னாள்.

அதிலிருந்து ஞாயிறு தவறாமல் பத்து மணிக்குப் போன் வருகிறது. அரை மணி நேரம் பேசுகிறாள். போன மாதம் வந்து நாலு நாள் தங்கினாள். தலையில் கை வைக்க விட்டாளாம். “பேப்பர் அச்சாச்சுன்னா எனக்கு ஒண்ணு அனுப்பும்மா, ஃப்ரேம் போட்டு மாட்டணும்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

6

முடிவுகள்.

(அ) எலியக்கா மாணவியிடம் உண்மையைச் சொல்கிறாள். மாணவி அழுகிறாள், பிறகு மன்னிக்— எழுத வரவில்லை. மூன்று வருட உழைப்பை யார் மன்னிப்பார்கள்? என் துணிக் கிளிப்பை எடுத்தவளையே நான் இன்னும் மன்னிக்கவில்லை.

(ஆ) சொல்லவில்லை. பொய் அச்சேறுகிறது, மகள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. பிள்ளையைப் பிரித்தால் ஒன்றும் ஆகாது என்று எங்கோ யாரோ அதைக் காட்டிப் பேசுகிறார்கள். இந்த முடிவோடு மூன்று நாள் சந்தோஷமாக இருந்தேன்.

(இ) நான் எழுதாதது, தானாக நடந்தது. மாணவியின் பேராசிரியர் முடிவைப் பார்த்துவிட்டு, “யாருக்கும் வராத ரிசல்ட் நமக்கு மட்டும் எப்படி வரும்? திரும்பச் செய்ங்க. பிரிக்கிற கை அதே கையா இருக்கட்டும்” என்றார். இந்த முறை அறையில் கேமரா. புதிதாகப் பத்துப் பெட்டிக் குட்டிகள். இரண்டு வாரம், முழுசாக மூன்று மணி நேரம். போன வாரம்தான் முடிந்தது.

“செஞ்சீங்களா?” என்று கேட்டேன்.

“செஞ்சேன்.”

“அந்த மெஷின்?”

“அணைச்சுதான் இருந்துச்சு. அதனால என்ன, அதான் தெரியுமே.”

அந்தக் குட்டிகள் வளர இரண்டு மாதம் ஆகும். பலகையில் விட்டால் எந்தப் பக்கம் ஒண்டும் என்று எலியக்காவுக்கு இப்போதே தெரியும். மாணவி சந்தோஷப்படுவாள், இந்தத் தடவை முடிவு உலகத்தோடு ஒத்துப்போகும். மகள் கேட்பாள்.

“முன்னாடியே நீங்களே சொல்லிடுங்களேன்.”

“சொன்னா திரும்ப மாசத்துக்கு ரெண்டு நிமிஷம்தான். அதுவும் வருமோ என்னவோ.”

“சொல்லலன்னா?”

“இன்னும் எட்டு ஞாயித்துக்கிழமை இருக்கு.”

ஒரு சட்டையை எடுத்து உதறினாள். ஏற்கெனவே உதறிய சட்டை.

“நீ எழுதறியாமே. எழுதினா அவ படிப்பாளா?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊர்வாயை நம்பி ரகசியத்தைக் கொடுப்பவள் அது வெளியே போகட்டும் என்றுதான் கொடுக்கிறாள். தன் வாயால் முடியாததை என் கையால் செய்யப் பார்க்கிறாள். பத்து வருடமாக இந்தக் குடியிருப்பில் யார் வீட்டுக் கதையையும் சுமக்க எனக்குக் கை வலித்ததில்லை. சுவரோர நாற்காலியையும் பவர் பார்க்கிற வேலையையும் எடுத்துவிட்டால் இது யாருடைய கதையாகவும் இருக்கலாம். எடுக்கப் போனேன். எடுக்கவில்லை.

இதைப் படிப்பவள் நீயாக இருந்தால், உன் அம்மா—

7

இன்று ஞாயிறு. மொட்டை மாடியில் நானும் அவளும். பத்து மணிக்குப் போன் அடித்தது. எலியக்கா எடுக்காமல் என்னைப் பார்த்தாள்.

அடுத்தவர் போன் பேசும்போது நகர்ந்து போகிற பழக்கம் எனக்குக் கிடையாது. பிழிந்த துணியையே மறுபடி பிழிந்துகொண்டாவது நின்றுவிடுவேன். இன்று வாளியை அப்படியே போட்டுவிட்டு இறங்கினேன். நான்காம் மாடித் திருப்பத்தில் நின்று காதைக் கொடுத்தேன். [பொய். நிற்கவில்லை. ஒரே மூச்சாக என் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.]

அவள் சொன்னாளா, இல்லை இந்த ஞாயிற்றையும் வாங்கிக்கொண்டாளா, எனக்குத் தெரியாது. எழுதவும் மாட்டேன். நீங்கள் இவ்வளவு தூரம் என் கூடவே ஒட்டுக் கேட்டுக்கொண்டு வந்தவர். படிக்கட்டு இடப்பக்கம், மாடிக் கதவு தாழ் போடவில்லை. பேச்சு இன்னும் முடிந்திருக்காது.

போனால் போங்கள். கேட்டுவிட்டு வந்து என்னிடம் மட்டும் சொல்லாதீர்கள்.