நான்காவது மேஜையில் 41

எங்கள் கல்லூரியில் எலக்ட்ரிக்கல் படிப்பவர்கள் ஒரு வகுப்புக்கு ஒன்பது பேர்தான். ஒன்பது பேருக்கும் ஒரே லேப், அதில் நான்கு மேஜை, எல்லாவற்றுக்கும் மேலே ஒரே மேடம், துறைத்தலைவி. அங்கே யாராவது தும்மினால்கூட மேடத்துக்குத் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் மூன்றாம் வருட மெஷின்ஸ் லேப் பரீட்சையில் ஃபெயில் ஆன ஒரே ஆள் நான். அதுவும் உண்மையை எழுதி ஃபெயில் ஆனவள்.

நடந்தது இதுதான். நான்காவது மேஜையில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் உட்கார்ந்திருக்கிறது. அதன் ஒரு பக்கத்தில் எதையும் இணைக்காமல், மறு பக்கத்தில் 115 வோல்ட் கொடுத்தால், வேலை ஏதும் செய்யாமலே அது எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்று வாட்மீட்டர் காட்டும். 48 வாட் வர வேண்டும். எல்லாருக்கும் 48 வந்தது. எனக்கு 41. மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் 41. அதையே எழுதினேன். மேடம் அதன் மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி போட்டார். அத்தோடு விட்டிருக்கலாம். நான் சும்மா இருப்பேனா? "என் ரீடிங் சரிதான் மேடம், மத்தவங்களதுதான் பாக்கணும்" என்று சொல்லித் தொலைத்தேன். கதை முடிந்தது.

இந்த லேப் பரீட்சையை வருடத்துக்கு ஒரு தடவைதான் வைப்பார்கள். இப்போது நான் கடைசி வருடம். ஒரு லிஃப்ட் கம்பெனி என்னை வேலைக்கு எடுத்துக்கொண்டுவிட்டது, எல்லாப் பாடத்திலும் பாஸ் ஆகியிருக்க வேண்டும் என்ற ஒற்றை நிபந்தனையோடு. இந்தத் தடவையும் 41 வந்தால் வேலையும் போச்சு, இன்னொரு வருடமும் போச்சு.

அம்மா பல் டாக்டரிடம் ரிசப்ஷனில் இருப்பவள். வலியில் கத்துகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, யார் புலம்பினாலும் அசரமாட்டாள்.

"48ன்னு எழுதிட்டு வந்துடேன்டி. கையா தேஞ்சு போகப்போகுது?"

"வராததை எப்படிம்மா எழுதறது?"

"எல்லாருக்கும் வருதே."

இந்த இடம்தான் என்னைக் குடைந்தது. பிடிவாதம் என்று வீட்டில் சொல்வார்கள். எனக்கென்னவோ அது பிடிவாதமாகத் தோன்றவில்லை. அதே டிரான்ஸ்ஃபார்மர், அதே மீட்டர், அதே கரண்ட். அவர்களுக்கு வருவது எனக்கு மட்டும் ஏன் வரவில்லை? அது தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது.

லேப் அலமாரியில் பழைய ரெக்கார்டு நோட்டுகள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. ஒரு சாயங்காலம் பதினொரு வருட நோட்டுகளை இறக்கிப் பார்த்தேன். 48, 48, 48. வாட் மட்டுமல்ல, ஆம்பியரும் புள்ளிக்குப் புள்ளி ஒன்றே. ஒரு மகான் முந்தைய வருடத்துத் தேதியையும் சேர்த்தே எழுதியிருந்தான். யாரும் அளக்கவில்லை. ஒவ்வொரு வகுப்பும் முந்தைய வகுப்பின் நோட்டைப் பார்த்து எழுதி, அடுத்த வகுப்புக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. ஆனால் கேள்வி அப்படியே நின்றது. முதல் வகுப்புக்காரன் ஒருவன் நிஜமாக அளந்திருப்பானே, அவனுக்கு ஏன் 48?

பரீட்சைக்கு இரண்டு வாரம் இருந்தது. மத்தியான நேரங்களில் லேப் காலியாக இருக்கும். என் வகுப்பு நண்பனையும் இழுத்துக்கொண்டு போனேன். முதல் வருடத்தில் ஒரே நாளில் ஐந்து ஃபியூஸ்களைக் காலி செய்தவன், அதிலிருந்து அவன் பேரே ஃபியூஸ்தான்.

ஒயர்களை மாற்றினோம். 41. இரண்டாவது மேஜையின் வாட்மீட்டரைத் தூக்கிவந்து போட்டோம். 41. ஆம்மீட்டரைக் கழற்றிவிட்டுப் பார்த்தோம். 41. 115 வோல்ட் வந்துவிட்டதா என்று காட்டும் வோல்ட்மீட்டர் மேல் மட்டும் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. சுவிட்ச் போடாதபோது அதன் முள் பூஜ்யத்தில் சமர்த்தாக நிற்கிறது, அப்புறம் என்ன சந்தேகம்? நான்காவது மேஜை சிறியது. டிரான்ஸ்ஃபார்மர் அடைத்துக்கொண்ட இடம் போக மீட்டரைப் படுக்கவைக்க வழியில்லாததால், அதைச் சுவரில் சாய்த்து நிறுத்திவைப்பது வழக்கம். முள்ளைப் பார்க்கவும் அதுதான் வசதி.

ஆறாவது நாள் ஃபியூஸ் கொட்டாவி விட்டுக் கையை நீட்டி முறித்தான். முழங்கை பட்டு வோல்ட்மீட்டர் தடாலென்று மல்லாந்தது.

"நான் எதையும் தொடல!"

"கையை எடுக்காத! அப்படியே இரு!"

"தொடலன்னுதான சொல்றேன், எந்தக் கையை எடுக்க?"

அவனுக்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. 115ல் நின்றிருந்த முள், படுத்ததும் 106க்கு இறங்கியிருந்தது. வாட்மீட்டர் அதே 41ல்தான் இருந்தது. மின்சாரம் மாறவில்லை, மீட்டர் படுத்தது, அவ்வளவுதான். 115 என்று நினைத்து இத்தனை நாளும் 106தான் கொடுத்திருக்கிறோம். வோல்ட்டேஜைக் கூட்டும் குமிழை மெதுவாகத் திருப்பி, படுத்திருந்த மீட்டரை 115க்குக் கொண்டுவந்தேன். வாட்மீட்டரின் முள் நகர்ந்து நகர்ந்து 48ல் போய் நின்றது.

குனிந்து வோல்ட்மீட்டர் முகப்பின் மூலையைப் பார்த்தேன். கடுகளவில் ஒரு குறி. இந்த மீட்டரைப் படுக்கவைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். முதல் வருடத்தில் பரீட்சைக்குப் படித்து, எழுதி, மறந்த குறி. முதன்முதலில் அளந்தவன் இதைப் பார்த்துப் படுக்கவைத்திருப்பான்.

"அப்போ காப்பியடிச்ச நாங்க எல்லாரும் கரெக்ட்டு, அளந்த நீதான் தப்பு" என்றான் ஃபியூஸ், சந்தோஷமாக.

அவனோடு சண்டை போட்டிருப்பேன். ஆனால் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று வந்துவிட்டது. சாய்த்தால் தப்பாகக் காட்டும் முள், பூஜ்யத்தில் மட்டும் ஏன் சரியாக நிற்கிறது? அதற்கு நான்கு நாள் ஆனது. அட்டையில் ஒரு முள் வெட்டி, நடுவில் குண்டூசி குத்தி, வீட்டுச் சுவரில் நிறுத்திப் பார்த்தேன். முள்ளின் நுனி கனமாக இருந்தால், இடப்பக்கம் சாய்ந்திருக்கும்போது இடப்பக்கமே விழப் பார்க்கிறது. நடுவைத் தாண்டினால் வலப்பக்கம் விழப் பார்க்கிறது. பூஜ்யம் இடது ஓரம், 115 நடுவுக்கு வலப்பக்கம். அதனால்தான் சும்மா இருக்கும்போது சமர்த்து, வேலை செய்யும்போது மட்டும் பொய். அம்மா வேலையிலிருந்து வந்து, சுவரில் அட்டையை ஆட்டிக்கொண்டிருக்கும் என்னைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் உள்ளே போனாள்.

பரீட்சையன்று என்னை நான்காவது மேஜைக்கே அனுப்பினார்கள். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, வோல்ட்மீட்டரை அதன் மேல் படுக்கவைத்தேன். 115 வோல்ட், 48 வாட். எழுதினேன்.

வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் பேனா மூடியைக் கடித்துக்கொண்டே என் பழைய விடைத்தாளையும் புதியதையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். மேடம் பக்கத்தில் நின்றார்.

"போன வருஷம் 41. இப்ப 48. இடையில என்னம்மா, மத்தவங்க ரெக்கார்டை மனப்பாடம் பண்ணிட்டியா?" என்று கேட்டார் தேர்வாளர்.

அளக்காதவர்களை ஒருவரும் கேட்கவில்லை, அளந்தவளை இரண்டு தடவையும் கேட்கிறார்கள். ஆனால் போன தடவை வாயால் கெட்டது நினைவிருந்தது. இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டு, ஓடிக்கொண்டிருந்த மீட்டரை எடுத்துச் சுவரில் சாய்த்தேன். முள் 115ல் இருந்து நகர்ந்து 125ஐத் தொட்டது. வாட்மீட்டர் 48ஐ விட்டு அசையவில்லை.

அவர் வாயிலிருந்து பேனா மூடி வெளியே வந்தது.

"சுவிட்சை ஆஃப் பண்ணு."

பண்ணினேன். முள் பூஜ்யம்.

"இது எப்படி?"

கையை உயர்த்தி, விரலையே முள்ளாக வைத்துக் காட்டினேன். இடப்பக்கம், நடு, வலப்பக்கம். அவர் தன் விரலையும் உயர்த்தி ஆட்டிப் பார்த்தார். அடுத்த மேஜையின் ஜூனியர்கள் எங்கள் இருவரையும் வேடிக்கை பார்த்தார்கள். ஐம்பதுக்கு நாற்பத்தேழு போட்டுக் கையெழுத்திட்டார். லிஃப்ட் கம்பெனி, அம்மா, எல்லாம் ஒரு நொடியில் மனதுக்குள் வந்துபோயின.

பரீட்சை முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு பையை எடுக்க உள்ளே போனேன். மேடம் நான்காவது மேஜையருகே தனியாக நின்றார். மீட்டரைச் சாய்த்தார், படுக்கவைத்தார், மறுபடி சாய்த்தார்.

"அன்னிக்கும் இப்படித்தான் சாய்ச்சு வச்சிருந்தியா?"

"ஆமாம் மேடம். எப்பவும் அப்படித்தான் வைப்போம்."

"அப்ப 41தான் வந்திருக்கணும்."

"41தான் மேடம் வந்துச்சு."

அவர் மீட்டரின் மூலையில் இருந்த குறியை விரலால் தடவினார். பிறகு, "ஏன்னு நான் கேட்டிருக்கணும்" என்றார்.

இந்த நாளுக்காக ஒரு வருடமாக நான் வசனம் வைத்திருந்தேன். ஒன்றுகூட வரவில்லை.

"ஒரு வருஷம் மேடம்" என்றேன்.

"தெரியும்."

மீட்டரைக் கையில் எடுத்து, படுக்கவும் விடாமல் நிற்கவும் விடாமல் பாதியில் பிடித்துக்கொண்டார்.

"பாதி மட்டும் சாய்ச்சா எவ்வளவு காட்டும்?"

எனக்குத் தெரியவில்லை. இரண்டு வாரத்தில் அதை மட்டும் செய்து பார்க்கவில்லை. கோபம் இருந்த இடத்திலேயே இருந்தது, அது அவ்வளவு சீக்கிரம் போகாது என்றும் தெரிந்தது. ஆனால் பையைக் கீழே வைத்துவிட்டேன், கை சுவிட்சுக்குப் போய்விட்டது.

"ஆடாம பிடிச்சுக்கோங்க மேடம்" என்றேன்.