இழுக்காதே

பர்மாவில், தன்லி ஊரின் பழைய படகுத்துறையில் கவிழ்ந்த சம்பான் படகிலிருந்து எல்லாரையும் ஏற்றியாகிவிட்டது. ஒரு பெண் மட்டும் உடைந்த தூண்களுக்கு நடுவே ஒன்றைக் கட்டிக்கொண்டு அலறிக்கொண்டிருந்தாள். மீட்புப் படகு அந்தத் தூண்களுக்குள் நுழையாது. ஆஷா பர்மியத்தில் 'கோகோ' என்று கூப்பிடும் அவள் அண்ணன் ரவி, இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு குதித்தான். மறுமுனை படகில் நின்ற ஆஷாவின் கையில்.

இந்தக் கயிற்று வழியைப் படித்துச் சொன்னதே அவள்தான். நூறு வருடத்துக்கு முன் ஆஸ்திரேலியக் கடற்கரைகளில் ஒருவன் கயிற்றோடு நீந்துவானாம், கரையில் நிற்பவர்கள் இழுப்பார்களாம். அவசரப்பட்டு இழுத்து, காப்பாற்றப் போனவனையே மூழ்கடித்ததும் உண்டு. அதை மட்டும் அவள் ரவியிடம் சொல்லவில்லை.

"கயிறு அறுந்தா பட்டம் பறந்திரும், பாத்துக்க தங்கச்சி" என்றான் படகோட்டி தஸ்தகீர். அவள் கல்லூரியில் வாங்கிய பட்டத்தைக் கேலி செய்யாமல் அவனுக்கு ஒரு நாள் போகாது.

மழைக்காற்று முகத்தில் அறைந்தது. ரவி தூணை எட்டியதும் திரும்பிக் கத்தினான்.

"இழு..."

இழுத்தாள். அவன் தலை தண்ணீருக்குள் போனது. நீரோட்டம் பிடித்துக்கொண்டது என்று பதறி இன்னும் பலமாக இழுத்தாள். தலை வரவே இல்லை.

"ஏய், விடு! கயிறு அடிக்கட்டையில சுத்திக்கிச்சு! இழுக்காதேன்னுல்ல கத்துனான்!" என்றான் தஸ்தகீர்.

"இழுன்னுதான்..."

"சொல்லோட வாலக் கேக்கலையா நீ?"

ஆஷாவுடையது பர்மியத்திலேயே வளர்ந்த காது. பர்மியத்தில் வேண்டாம் என்பதற்கு 'ம' முதலிலேயே வந்து நிற்கும். வராவிட்டால் மேற்கொண்டு கேட்கத் தேவையில்லை. தமிழோ மறுப்பைக் கடைசியில் வைத்திருக்கிறது. அந்தக் கடைசியைக் காற்று தின்றுவிட்டது.

பிடியைத் தளர்த்தினாள். கயிறு தொய்ந்தது. தூணிலிருந்த பெண் அலறுவதை நிறுத்திவிட்டுக் கீழே தண்ணீரையே பார்த்தாள். அலறலே தேவலாம் போலிருந்தது ஆஷாவுக்கு.

தூணுக்கு அந்தப் பக்கம் ஒரு கை முளைத்தது. பிறகு தலை. இருமிக்கொண்டே ரவி சுற்றிய கயிற்றை எடுத்துவிட்டு, அந்தப் பெண்ணை அணைத்துக்கொண்டான்.

"இழு!"

ஆஷா இழுக்கவில்லை. வாலுக்காகக் காத்திருந்தாள்.

"கோகோ, முழுசாச் சொல்லு! இழுவா, இழுக்காதேயா?"

"இழுடி, எருமை!"

இழுத்தாள்.