கவிழ்த்த கூடை

"என் காலுன்னு உன்கிட்ட யாரு சொன்னா? தலையாரி வரட்டும். கூடைய எடுக்கட்டும். அப்பறம் பேசு."

"வரட்டும் பவுனு. ராவுல என் வேலியில பூந்த காலு வேற யாருதா இருக்கும்?"

தலையாரி தசரதன் வந்து சேர்ந்தபோது பவுனம்மாளுக்கும் பக்கத்து வீட்டு வரதனுக்கும் சண்டை இந்த அளவுக்கு முற்றியிருந்தது. வரதன், பழவேற்காட்டுக் கோட்டையிலிருக்கும் ஒல்லாந்தருக்குச் சாயத்துணி சேர்த்துக் கொடுப்பவன். வீட்டில் வைத்திருந்ததில் ஒரு கட்டுத் துணியைக் காணோம். வேலி பிரிந்திருந்த இடத்தில், ஈர மண்ணில், ஒரேயொரு இடது கால் தடம். அதன்மேல் கவிழ்த்த கூடை. திருட்டு நடந்தால் தடத்தை இப்படி மூடிவைப்பது ஊர் வழக்கம். தலையாரி வந்து ஈர்க்குச்சியால் அளந்து, சந்தேகப்பட்டவரைப் பக்கத்தில் மிதிக்கச் சொல்லி ஒத்துப்பார்ப்பார். ஒத்துப்போனால் கோட்டை. கடைசியாகக் கோட்டைக்குப் போனவனைக் கடல்கடந்த பத்தாவிக்கு அடிமையாகக் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். அவன் பெண்டாட்டி தாலியோடு இருப்பதா, கழற்றுவதா என்று அவளைவிட ஊர்தான் அதிகம் கவலைப்பட்டுக்கொண்டிருந்தது.

தசரதன் குனிந்து கூடையை லேசாகத் தூக்கினார். தடத்தில் பெருவிரல் மற்ற விரல்களோடு சேராமல் விலகி நின்றது. கிணற்றடியில் பவுனம்மாள் குடத்தோடு நடந்துபோன தடங்கள் நினைவுக்கு வந்தன. அதையெல்லாம் அவர் ஏன் பார்த்து வைத்திருந்தார் என்று அவர் மனைவி வேலம்மா கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

பவுனம்மாள் புருஷனில்லாதவள். கட்டிக்கொடுக்கவேண்டிய மகள் இந்திராணி வேறு. ஒரு கட்டுத் துணிக்காகக் கப்பலா? கூடையை எடுத்தார். வேலியை எட்டிப்பார்ப்பவர்போல நகர்ந்தார். அவருடைய அகன்ற பாதம் தடத்தின்மேல் அழுந்தித் திரும்பியது.

"அடடா," என்றார்.

பவுனம்மாள் நன்றியோடு பார்ப்பாள் என்று நினைத்தார். அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"இன்னா அண்ணாத்தே இப்டி பண்ணிட்ட? என் காலு இல்லன்னு நாலு பேரு பாக்கணும்னுதானே மூடி வெச்சேன். கூடைய கவுத்தவளே நான்தான்."

கூடையை வரதன் கவிழ்த்ததாக அல்லவா தசரதன் நினைத்திருந்தார். அவள் காலைப் பார்த்தார். பெருவிரல் விலகியிருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. பக்கத்தில் மிதிக்கச் சொல்லலாம், எதோடு ஒத்துப்பார்ப்பது?

"காப்பாத்திட்டாருப்பா தலையாரி," என்றான் வரதன்.

"தடம் ஏரிக்குள்ள எறங்குது. தண்ணியில அடி பிடிக்க முடியாது. எதிர்க்கரை வேற ஊரு காவலு," என்றார் தசரதன். வேலிக்கு அப்பால் ஏரிப் பக்கம் அவர் பார்க்கவேயில்லை.

தடமில்லாமல் கோட்டைக்கு ஆளை அனுப்ப முடியாது, வரதன் அடங்கினான். ஊர் அடங்கவில்லை. பவுனம்மாள் திருடி என்றார்கள் பாதிப்பேர், தலையாரிக்கு வேண்டியவள் என்றார்கள் மீதிப்பேர், இரண்டும்தான் என்றார்கள் தாராள மனசுக்காரர்கள்.

திருப்பாலைவனத்து மாப்பிள்ளை வீட்டார் இந்திராணியை வேண்டாமென்று சொல்லியனுப்பினார்கள். தை பிறந்ததும் எளாவூரில் ஒருவனுக்கு இரண்டாந்தாரமாகப் போனாள். வரதன் பொன்னேரிப் பக்கம் குடிபோய்விட்டான். மகளோடேயே இருந்துவிடலாமென்று மூட்டை கட்டிய பவுனம்மாள், போகிற வழியில் தசரதன் வாசலில் நின்றாள். சாணி தெளித்த ஈரத்தில் இடது காலை அழுத்தி வைத்தாள். அதன்மேல் ஒரு கூடையைக் கவிழ்த்துவிட்டு நடந்தாள்.

சாயங்காலம் வேலம்மா கோழிகளை விரட்டிக்கொண்டு வந்தாள்.

"கோயி மூட கூடை இல்ல. அத்த எடுக்கட்டுமா?"

தசரதன் கூடையின் விளிம்பில் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றிக் கோழிகள் வாசலெல்லாம் தடம் பதித்துக்கொண்டிருந்தன.