பாலில் ஊறிய படலம்

2019ஆம் ஆண்டு மார்ச் 14, வியாழக்கிழமை காலை, நோய் எதிர்ப்பியல் ஆய்வகத்தின் கூட்ட அறையில் மூவர் குழு கூடியது. ஆய்வகத் தலைமையைக் கொழுந்தனுக்கு அளிக்கலாமா என்பதே அன்றைய பொருள்.

அவனும், அவன் அண்ணனின் மனைவியான அண்ணியும் அங்கே ஒரே பிரிவில் பணிபுரிந்தனர். கிருமியை அடையாளம் கண்டதும், வெள்ளணுவின் உள்ளே கைனேஸ் என்னும் நொதி அடுத்த புரதத்தின்மேல் பாஸ்பேட்டை ஒட்டி, அணுவை எழுப்பும் செய்தியைக் கடத்துகிறது. ஒரு புதிய கைனேஸைக் கண்டறிந்தவள் அண்ணி. ஆறாண்டுகளுக்கு முன், அவள் பிரசவ விடுப்பில் இருந்தபோது, கொழுந்தன் அதைத் தன் பெயரில் மட்டும் கட்டுரையாக வெளியிட்டான்.

"யார் பேர்ல வந்தா என்னம்மா, நம்ம வீட்டுப் பேர்தானே?" என்றார் மாமியார்.

அவள் வேலைக்குத் திரும்பினாள்; ஆனால் மறக்கவில்லை.

கூட்டத்துக்கு முந்தைய நாள் கொழுந்தன் புதிய சோதனைப் படத்தை அவளிடம் நீட்டினான்; பாஸ்பேட் ஏறிய புரதம் அதில் கறுப்புப் பட்டையாகத் தெரியும். கிருமியைக் காணாமல் உறங்கும் வெள்ளணுக்களிலும் அந்நொதி வேலை செய்கிறது என்பது அவனுடைய புதிய கட்டுரையின் முடிவு. படம் முழுதும் கருமை படர்ந்திருந்தது. மேசைமேல் பால் பவுடர் டப்பா இருந்தது. அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"எப்படி இருக்கு அண்ணி?"

"பிரமாதம் தம்பி. நாளைக்குப் பெரிசா போட்டுக் காட்டு."

மறுநாள் அப்படம் சுவர் நிறைய விழுந்தது. குழுவுக்கு எதிரே அமர்ந்திருந்த அண்ணி எழுந்தாள்.

"புரதம் ஏத்தின படலத்தை எதுல ஊற வெச்ச?"

"பால்லதான். வேண்டாத இடத்துல எதுவும் ஒட்டாம இருக்க எல்லாரும் அப்படித்தானே செய்றாங்க?"

"பாஸ்பேட்டைத் தேடும்போது செய்யமாட்டாங்க. பால் புரதத்துலயே பாஸ்பேட் இருக்கு. நீ பிடிச்சது நொதியை இல்ல, பாலை."

"அதுக்கு டீயே போட்டுக் குடுத்திருக்கலாமேப்பா!" என்றார் குழுவின் மூத்தவர்.

அண்ணி சிரிக்கவில்லை. "ஆறு வருஷத்துக்கு முந்தின படம் சுத்தமா இருந்துச்சே. அதை எதுல ஊற வெச்ச?"

"அதுவும்... பால்லதான்."

"அல்புமின்ல தம்பி, பாஸ்பேட் தொல்லை இல்லாத புரதம் அது. பால்ல வெச்சிருந்தா அன்னைக்கே கரிச்சட்டியா வந்திருக்கும். செஞ்சவளுக்குத்தானே தெரியும்?"

"நேத்தே சொல்லியிருக்கலாமே அண்ணி!"

"சொன்னா நீ திருத்திடுவியே."

குழு இரு சோதனைகளையும் மீண்டும் செய்வித்தது. பழைய சோதனை பாலில் கறுத்தது, அல்புமினில் மட்டுமே சுத்தமாக வந்தது. புதிய சோதனையில், அல்புமினில் ஊறிய படலத்தில் உறங்கும் அணுக்களுக்குரிய இடம் வெறுமையாக இருந்தது.

கொழுந்தனுக்குத் தலைமைப் பொறுப்பு மறுக்கப்பட்டது. புதிய கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. பழைய கட்டுரையில் அவன் பெயர் நீக்கப்பட்டு அண்ணியின் பெயர் இடப்பட்டது. அவளுடைய பிரிவில் அவன் நீடிக்கலாமா என்று குழு அவளைக் கேட்டது. கூடாது என்றாள். ஆய்வகக் கண்ணாடிக் கலங்களைக் கழுவும் பிரிவின் மேற்பார்வைக்கு அவன் மாற்றப்பட்டான்.