மாப்பிள்ளை வீட்டு மீன்

என் கோபத்தைப் பற்றிக் கோயமுத்தூரில் கணபதி வட்டாரத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளுங்கள். மாவரைக்கும் கிரைண்டர் செய்கிற பட்டறை என்னுடையது. காளிச்சாமி என்று பெயர் சொன்னால் முழிப்பவர்கள்கூட, அந்தக் கத்துற மனுசன் என்றால் வாசல் வரைக்கும் கொண்டுவந்து விடுவார்கள். கரண்டு ஆபீசில் கத்தியிருக்கிறேன், டெலிபோன் ஆபீசில் கத்தியிருக்கிறேன், புது ஆஸ்பெஸ்டாஸ் போட்ட அன்றே கொட்டிய மழையை வாசலில் நின்று திட்டியிருக்கிறேன். அப்பேர்ப்பட்டவனைப் பொங்கலிலிருந்து பங்குனி வரை வாயைப் பொத்தி உட்கார வைத்தது பட்டாணி சைஸில் இருந்த ஒரு மீன். நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் கத்தாத ஒரே இடம் எங்கள் ஹாலில் இருந்த மீன் தொட்டி. கோயமுத்தூரே வாஸ்து பார்த்து அடுப்படியை இடித்துக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் வீட்டுக்கு வந்த வாஸ்துக்காரர் ஈசானி மூலையில் தண்ணீர் வேண்டும் என்றார். நாலடி நீளத்தில் கண்ணாடித் தொட்டி வாங்கி வைத்தேன். வாஸ்து வேலை செய்ததோ என்னவோ, மீன் வேலை செய்தது. பட்டறையிலிருந்து வந்து அதன் முன்னால் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தால் பத்து நிமிஷத்தில் நான் வேறு மனுஷன். நீளத் துடுப்போடு ராஜா, ராணி என்று ஒரு ஜோடி ஏஞ்சல், சிவப்பு மஞ்சளாகச் சின்ன மீன் கூட்டம், இரண்டு கௌராமி, கண்ணாடியில் வாயை ஒட்டி அழுக்குத் தின்கிற ஒரு சக்கர். எல்லாம் ஒற்றுமையாக இருந்தன. என் வீட்டில் வேறு எங்கே அப்படி இருந்தது?

தொட்டி வைத்து நாலு வருஷம் ஆனபோதுதான் என் ஒரே மகள் மோகனப்பிரியாவுக்கு வரன் அமைந்தது. மாப்பிள்ளை கிருபாசங்கர், வால்பாறையில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் உத்தியோகம். அப்பா நாச்சிமுத்து பவானியில் ஜமக்காள வியாபாரம். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இரண்டு பந்தி போடுகிற அளவுக்குப் பெரிய கூட்டுக் குடும்பம். பையனும் பெண்ணும் பார்த்த அன்றே சிரித்துவிட்டார்கள். எனக்கும் என் மனைவி கனகத்துக்கும் அதற்கு மேல் என்ன வேண்டும்?

தையில் எங்கள் வீட்டில் உறுதி வார்த்தை. வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டால் வைகாசியில் கல்யாணம். சம்பந்தியம்மா பழனாத்தாள் தட்டை மாற்றிய கையோடு ஒரு வார்த்தை சொன்னார். கல்யாணத்துக்குப் பிறகு பெண் பவானியில்தான் இருக்கும், வால்பாறையில் குளிரும் அட்டையும் யானையும் சேர்ந்து படுத்தும், பையன் வாரக் கடைசியில் பஸ் பிடித்து வந்து பார்த்துக்கொள்வான் என்றார். நான் பரவாயில்லீங்க என்றேன். மோகனப்பிரியாவின் முகம் தொங்கிப்போனது. எல்லாரும் கிளம்பின பிறகு அவள் என்னிடம் வந்து, புருஷனோடு இருக்கத்தானே கல்யாணம், அவங்க அப்பா அம்மாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் என்றாள். எப்படிக் கேட்பது? உறுதி வார்த்தை முடிந்து கல்யாணம் வரைக்கும் பெண் வீட்டுக்காரன் மாப்பிள்ளை வீட்டாரிடம் முகம் கோணக் கூடாது. தாலி ஏறுவதற்கு முன்பே தனிக்குடித்தனம் கேட்ட பெண் என்று பெயர் வந்தால் பவானி முதல் பொள்ளாச்சி வரை பேசுவார்கள். பார்க்கலாம் கண்ணு என்று சொல்லி நழுவினேன்.

அன்றைக்குத்தான் அந்த மீனும் வந்தது. சீர்த்தட்டுகளுக்கு நடுவே நாச்சிமுத்து ஒரு பாலிதீன் பையைத் தூக்கிக் காட்டினார். மச்சானுக்கு மீன் என்றால் உசிரு என்று தெரிந்து கொண்டுவந்தாராம். எஸ்டேட்டுக்கு அந்தப் பக்கம் காட்டு வழியில் இறங்கினால் சாலக்குடி ஆறு, அங்கே மாப்பிள்ளை ஆசை ஆசையாகப் பிடித்ததாம். பைக்குள் மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளி வைத்து ஒரு பொடி மீன். கண் மட்டும் உடம்புக்குப் பொருந்தாமல் பெரிசு. ஒரு கண் என்னைப் பார்த்தது, இன்னொரு கண் கனகத்தைப் பார்த்தது. கனகம் ராகுகாலம் போகட்டும் என்று காத்திருந்து, பைக்கு ஆரத்தி சுற்றி, பொட்டு வைக்க இடம் இல்லாததால் தொட்டிக்கு வைத்து, அதை உள்ளே விட்டாள்.

பட்டாணி என்று பெயர் வைத்தோம். முதல் வாரம் வீடே அதற்கு அடிமை. கண்ணாடியோரம் வந்து அசையாமல் நின்று ஆளை அடையாளம் பார்க்கும். பாக்கெட் தீனியைத் தொடாது. மாப்பிள்ளை மாதிரியே கூச்ச சுபாவம் என்று கனகம் பூரித்தாள். அடுத்த வாரம் சின்ன மீன்கள் பலதுக்கு வால் இல்லை. கௌராமிதான் காரணம் என்று அவற்றைப் பிடித்து ஒரு பக்கெட்டில் போட்டேன். பிறகு ராஜாவின் துடுப்பு தேய்ந்தது. சக்கரைச் சந்தேகப்பட்டேன். வீட்டில் பக்கெட் தீர்ந்துபோனதால் பட்டறையிலிருந்து ஒரு கிரைண்டர் டிரம்மைக் கொண்டுவந்து தண்ணீர் நிரப்பி அதில் விட்டேன். கனகம் உளுந்து ஊறப்போட அதன் மூடியைத் திறந்து அலறியது தனிக்கதை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது கண்ணாலேயே பார்த்தேன். பட்டாணி மெதுவாக ராணியின் பின்னால் போனது. எதுவும் தெரியாதது மாதிரி வேறு பக்கம் பார்த்தபடி ஒரு கடி. துடுப்பில் அரை வட்டமாக ஒரு துண்டு காணோம். நான் நாலு வருஷமாக வளர்த்த ராணி!

எழுந்து போய் பவானிக்கு போன் போட்டேன். என்னென்ன கேட்க வேண்டும் என்று வரிசையாக மனதில் வைத்திருந்தேன். நாச்சிமுத்து எடுத்தார்.

"ஏனுங்க மச்சான், மீனு நல்லா இருக்குதுங்களா?"

"அருமையா இருக்குதுங்க," என்றேன். "நல்லாச் சாப்பிடுதுங்க."

போனை வைத்துவிட்டு, கூட்டாத வாசலுக்காகக் கனகத்திடம் கத்தினேன்.

உக்கடத்தில் மீன் கடை வைத்திருக்கும் உமர் பாரூக்கிடம் போனேன். பயந்தால் பலூன் மாதிரி உப்புகிற பேத்தை மீனில் ஆற்று ரகம் என்றார் அவர். நத்தையும் புழுவும்தான் தின்னும், மற்ற மீனோடு சேர்ந்து இருக்காது, ஒரு சின்னத் தொட்டியில் தனியாக விட்டுவிடுங்கள், சாது மாதிரி இருக்கும் என்று சொல்லி ஒரு தொட்டியையும் எடுத்துத் துடைத்தார். வாங்கிக்கொண்டு வந்தேன். கனகம் அதை வாசலிலேயே மறித்தாள். மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்ததை ஒதுக்கி வைப்பதா? நாளைக்கு அவர்கள் வந்து பார்த்தால், எங்கள் பையனைப் பந்தியில் உட்கார வைக்காமல் வெளியே இலை போட்ட மாதிரி இருக்கிறது என்று நினைக்க மாட்டார்களா? கேட்டது நியாயமாகத்தான் பட்டது. நாங்கள் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தோம். மாப்பிள்ளை மீன் பெரிய தொட்டியிலேயே இருக்கட்டும், மற்றதெல்லாம் வெளியேறட்டும்.

இப்படியாக நாலடித் தொட்டியில் பட்டாணி ஒற்றை ஆளாக ஆட்சி செய்தது. ராஜாவும் ராணியும் உக்கடத்துச் சின்னத் தொட்டியில் திரும்ப இடமில்லாமல் நின்றார்கள். மிச்சமெல்லாம் டிரம்மிலும் அண்டாவிலும். கல்யாண வேலையை விட்டுவிட்டு நான் கிணற்று வாய்க்காலில் நத்தை பொறுக்கினேன். வாரம் தவறாமல் நாச்சிமுத்து போன் பண்ணி மீனைத்தான் முதலில் விசாரித்தார். எங்கள் மேல் இவ்வளவு பிரியமா என்று கனகம் கண் கலங்கினாள். மோகனப்பிரியா மட்டும் என் நாற்காலியில் உட்கார்ந்து அந்த மீனையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவங்களிடம் கேட்டீர்களா என்று ஒரு நாள் திரும்பவும் கேட்டாள். சமயம் வரட்டும் என்றேன். உங்க கோபமெல்லாம் எங்ககிட்ட மட்டும்தானா என்றாள். எனக்குச் சுருக்கென்று தைத்தது.

பங்குனியில் முகூர்த்தப் பட்டு எடுக்கச் சம்பந்தி இரண்டு பேரும் கோயமுத்தூர் வந்தார்கள். நேராகக் கடைக்குத்தான் போவதாகப் பேச்சு. காந்திபுரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து போன் வந்தது: கடைக்கு அப்புறம் போகலாம், முதலில் வீட்டுக்கு வாரோமுங்க. தொட்டி காலியாக இருப்பதைப் பார்த்தால், உங்கள் மீனால் எங்கள் வீடு காலி என்று சொல்லாமல் சொன்னது மாதிரி ஆகிவிடும். நானும் கனகமும் மோகனப்பிரியாவும் அண்டாவுக்கும் தொட்டிக்கும் ஓடினோம். சக்கர் இரண்டு தடவை தரையில் விழுந்தது. ஆட்டோ சத்தம் கேட்டபோது எல்லாரும் உள்ளே இருந்தார்கள், மீன்களைச் சொல்கிறேன். நான் முழங்கை வரை ஈரத்தோடு கும்பிட்டு வரவேற்றேன்.

பழனாத்தாள் தண்ணீர் குடித்துவிட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றார். பட்டாணி ஒரு மாதம் தனியாக ஆண்ட இடத்தில் இத்தனை பேர் திடீரென்று வந்தது அதற்குப் பிடிக்கவில்லை போல. சம்பந்தியம்மாளின் மூக்குக்கு நேராக ராணியைத் துரத்திப் போய்ப் போட்டது ஒரு கடி.

"அட சாமி, இங்கயும் ஆரம்பிச்சிருச்சா?" என்றார் பழனாத்தாள்.

நாச்சிமுத்து மேலே சுற்றிய ஃபேனைப் பார்த்தார். பிறகு மெதுவாக விஷயம் வந்தது. மாப்பிள்ளை அதை முதலில் பவானிக்குத்தான் கொண்டுபோயிருக்கிறார். அங்கே குழந்தைகளுக்காக வைத்திருந்த தங்க மீன்களை ஒரு வழி பண்ணிவிட்டது. பையன் ஆசையாகக் கொடுத்தது, வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. பெரிய தொட்டி என்றால் ஒத்துப்போகும் என்று நினைத்து என்னிடம் தள்ளிவிட்டார்கள்.

"வாரா வாரம் பயந்துட்டேதானுங்க மச்சான் போன் பண்ணுனேன்," என்றார் நாச்சிமுத்து. "நீங்க அருமையா இருக்குதுன்னீங்க."

என் நெஞ்சில் எரிந்த எரிச்சலுக்கு ஒரு டிரம் மாவு வெந்திருக்கும். வாயைத் திறந்தேன். "பரவாயில்லீங்க," என்றுதான் வந்தது.

பழனாத்தாள் இன்னும் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "தனியா வுட்டுருங்கண்ணா. நாலு பேரோட இருக்க முடியாததைப் புடிச்சு உள்ள போட்டா அதுக்கும் நிம்மதி இல்ல, மத்ததுக்கும் இல்ல. அதும் மேல என்ன தப்பு?"

மோகனப்பிரியா காபித் தட்டோடு நின்றிருந்தாள். தட்டைக் கீழே வைத்தாள்.

"அத்தை, நானும் வால்பாறைக்கே போயர்றனுங்க."

கனகம் என் கையைப் பிடித்தாள். முடிந்தது கல்யாணம் என்று நினைத்தேன். மண்டபத்துக்காரன் முகம்கூட என் கண் முன்னால் வந்து போனது.

பழனாத்தாள் திரும்பி அவளை மேலும் கீழும் பார்த்தார். "ஏங்கண்ணு, நீயும் கடிப்பயா?"

"இன்னும் தெரியலீங்கத்தை. எதுக்கும் தனியாவே இருந்துக்கறனுங்க."

முதலில் நாச்சிமுத்துவுக்குத்தான் புரை ஏறியது. சிரிப்பா இருமலா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பழனாத்தாள் சிரிக்கவில்லை. என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, மோகனப்பிரியாவின் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"நானும் எங்க மாமியாகிட்ட ஒண்ணு கேக்கோணும்னு நெனச்சிட்டேதான் அந்த ஊட்டுக்குள்ள வந்தேன்," என்றார். "அப்ப எனக்குப் பல்லு இல்லாமப் போச்சு கண்ணு."

என்ன கேட்க நினைத்தார் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நாச்சிமுத்துவின் இருமல் நின்றுவிட்டது. பழனாத்தாள் என்னைப் பார்த்து, "சீரோட ஒரு சின்னத் தொட்டியும் வெச்சிருங்கண்ணா. இவ மலைக்குப் போறப்ப அதும் கூடப் போகட்டும்," என்றார். அதற்கும் நான் பரவாயில்லீங்க என்றேன். எதற்குச் சொன்னேன் என்று எனக்கே விளங்கவில்லை. அடுப்படிக்குள் போய் முகத்தைக் கழுவினேன். மூன்று மாதமாக நான் கேட்கத் துணியாததை என் பெண் காபி ஆறுவதற்குள் கேட்டு முடித்துவிட்டாள். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

வைகாசியில் கல்யாணம் நன்றாக நடந்தது. பீரோவும் கட்டிலும் லாரியில் போக, மோகனப்பிரியா மடியில் பட்டாணியின் தொட்டியை வைத்துக்கொண்டு ஜீப்பில் வால்பாறை ஏறினாள். ராணிக்குத் துடுப்பு பழையபடி வளர்ந்துவிட்டது. தொட்டியில் திரும்பவும் ஒற்றுமை. ஆனால் நான் நாற்காலியில் உட்கார்ந்தால் கண்ணாடியோரம் வந்து யார் என்று பார்க்க இப்போது எதுவும் இல்லை. வீடும் அப்படித்தான் இருக்கிறது. கத்தினால்கூடச் சுவரில் பட்டுத் திரும்பி வருகிறது.

ஆடி முடிந்து ஒரு நாள் நாச்சிமுத்து போன் பண்ணினார். குரலில் உயிரே இல்லை. மருமகளுக்கு ஒத்தாசையாக நாலு நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று வால்பாறை போன பழனாத்தாள் மாதம் ஒன்றாகியும் இறங்கவில்லையாம். குளிர் பழகிவிட்டதாம். மீனுக்கு நத்தை பொறுக்குவது அவர்தானாம். கூப்பிட்டால், இரண்டு பந்திக்கும் நீங்களே பரிமாறிக்கொள்ளுங்கள் என்கிறாராம்.

"அந்த மீனை நான் உங்களுக்குக் குடுத்திருக்கவே கூடாதுங்க மச்சான்," என்றார்.

"பரவாயில்லீங்க," என்றேன். அந்த ஒரு தடவைதான் அதை மனதாரச் சொன்னேன்.