ஆற்றைக் கடக்க ஒரே ஒரு வழி

கியோத்தோவில் எங்கள் கேம் கம்பெனியின் சுவரில் பெரிதாக எழுதி மாட்டியிருக்கிறது: "கண்டுபிடிப்பது விளையாடுபவரின் உரிமை." எழுதியவர் இயக்குநர் குரமோச்சி. அந்த உரிமையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்குவது புரோகிராமரான என் வேலை.

விளையாட்டில் ஓர் ஆறு வரும். எப்படி வேண்டுமானாலும் கடக்கலாம் என்று பெயர். பிழை கண்டுபிடிக்கவென்றே எடுத்த ஒப்பந்த ஆள் மினாசே, மரத்தை வெட்டிப் பாலம் போட்டான். தண்ணீரை உறையவைத்து நடந்தான். பூசணிக்காய்களை மிதக்கவிட்டு, ஒவ்வொன்றின் மேலும் தாவித் தாவிப் போனான்! நான் கைதட்டிவிட்டேன்.

"அழகுதான். ஆனா நான் நினைச்சது இது இல்லையே? பிழைன்னு எழுதுங்க, சோனோபே-சான்" என்று என்னிடம் சொன்னார் இயக்குநர்.

நாற்பத்தொரு வழிகள், நாற்பத்தொரு பிழைகள். எல்லாவற்றையும் அடைத்தேன். மிஞ்சியது அவருடைய வழி மட்டும்: கரையிலுள்ள ஐந்து கல்விளக்குகளைச் சரியான வரிசையில் ஏற்றினால் பாலம் எழும்.

போன செவ்வாய்க்கிழமை, விளையாட்டை வெளியிடும் நிறுவனத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். அவர்களுக்குப் பிடிக்காவிட்டால் எங்கள் இரண்டு வருட உழைப்புக்குச் சங்குதான். இயக்குநர் தானே விளையாடிக் காட்ட உட்கார்ந்தார்.

"பாருங்க, முழுச் சுதந்திரம்!" என்று விளக்குகளை ஏற்றினார். பாலம் எழவில்லை. மறுபடி ஏற்றினார். ஊஹூம். தான் போட்ட வரிசை தனக்கே மறந்துவிட்டது. மரத்தை வெட்டினார், கோடாலி இறங்கவில்லை. தண்ணீர் உறையவில்லை. என் வேலை அவ்வளவு சுத்தம்!

வரிசை எனக்குத் தெரியும். ஆனால் விருந்தாளிகள் முன்னால் மேலதிகாரியைத் திருத்துவது எங்களிடம் வழக்கமில்லை. பதினாறு பேர் கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, அவர் தத்தளிப்பதை மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தோம். என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது.

ஒன்பதாவது நிமிடம் மினாசே வாயைத் திறந்தான்.

"டைரக்டர், ஆத்துக்கு முதுகைக் காட்டி நில்லுங்க. அந்த ஆட்டு மேல ஒரு முள்ளங்கிய எறிங்க."

"எந்த ஆடு?"

"அதோ மேயுதே, அதுதான்."

எறிந்தார். ஆட்டுக்குக் கோபம் வந்தது. முட்டிய முட்டில் விளையாட்டின் வீரன் ஆற்றுக்கு மேலே பறந்து அக்கரையில் தலைகுப்புற விழுந்தான். இந்த ஒரு வழியை மினாசே எங்களிடம் சொல்லாமலே வைத்திருந்திருக்கிறான்.

மூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "இதுக்குப் பேருதாங்க சுதந்திரம்!" என்று மூத்தவர் அங்கேயே சம்மதம் சொல்லிவிட்டார்.

இயக்குநர் குனிந்து வணங்கினார். "இதைத்தான் நாங்க மனசுல வச்சிருந்தோம்." கொஞ்சமும் கூச்சமில்லை அவருக்கு.

மறுநாள் காலை எனக்கு வந்தது நாற்பத்திரண்டாவது பிழை: "ஆடு ஆளைப் பறக்கவிடுகிறது. வெள்ளிக்கிழமைக்குள் அடைக்கவும். குரமோச்சி."

எனக்கு ரத்தம் கொதித்தது. பதில் எழுதினேன்: "முப்பது முறை முயன்றேன். ஆடு முட்டவில்லை. பிழை காணப்படவில்லை."

பதினோரு வருட வேலையில் நான் எழுதிய முதல் பொய். அனுப்பிவிட்டு, ஆட்டின் பலத்தை இன்னும் கொஞ்சம் கூட்டிவைத்தேன்.